பவளக்காலிக்கு ஒரு வரி

1938ஆம் ஆண்டு, ஐப்பசி மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை, காலை எட்டேகால் மணி.

சோமசேகரம் வாத்தியார் கரும்பலகையில் மூன்று பறவைகளின் பெயர்களை எழுதினார். பூநாரை. கூழைக்கடா. தாரா. எழுதி முடித்து, வெண்கட்டியை வைத்துவிட்டுக் கையைத் தட்டினார்.

அருந்ததி எழுந்து நின்றாள்.

"என்ரை பறவையைக் காணேல்லை, வாத்தியார்."

"எது உன்ரை பறவை?"

"பவளக்காலி."

"அதை விடு பிள்ளை. புத்தகத்திலை ஒரு பக்கத்துக்கு மூண்டு வரிதான் இருக்கு. புறா அளவு குருவிக்கு ஒரு வரியோ?"

பின்வரிசை வாங்கில் இருந்த மார்க்கண்டு சிரித்தான். கனிசியஸ் சிரிக்கவில்லை. ஆனால் திரும்பிப் பார்த்தான். அவனுடையது பூநாரை.

அருந்ததி உட்காரவில்லை.

"அது வந்திருக்குது, வாத்தியார். வந்ததைத்தானே எழுதச் சொன்னவை?"

"வந்ததிலை பெரியதை எழுதுவம். இரு."

அவள் இருந்தாள். ஆனால் விட்டுவிடவில்லை. விட்டுவிட்டவர்கள் சிலேட்டில் மறுபடியும் 'பவளக்காலி' என்று எழுத மாட்டார்கள்.

அந்தப் பள்ளிக்கூடம் பரவைக்கடலின் கரையில் இருந்தது. பரவைக்கடல் என்றால் அலை அடிக்கும் கடல் அல்ல. நிலத்துக்குள் புகுந்து படுத்துக் கிடக்கும் ஆழமில்லாத உப்புநீர். கோடையில் பாதி வற்றிச் சேறு வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் மழை விழும். தண்ணீர் பரவும். தண்ணீரின் பின்னால் பறவைகள் வரும்.

அந்த வருடம் அரசாங்கம் கரையில் ஒரு பலகை நட்டது. இங்கே பறவைகளைச் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. பலகையைத் தொடர்ந்து, கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒரு பதிவுப் புத்தகமும் வந்தது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் வெள்ளிக்கிழமை தோறும் எந்தப் பறவை எத்தனை வந்தது என்று பள்ளிக்கூடம் எழுதி அனுப்ப வேண்டும்.

வாத்தியார் பறவைகளைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். கனிசியஸுக்குப் பூநாரை. மகாதேவிக்குக் கூழைக்கடா. மார்க்கண்டுவுக்குத் தாரா என்ற வாத்து. பங்கிட்ட அன்று அருந்ததி பள்ளிக்கு வரவில்லை. அவர்கள் வீட்டுப் பசு அன்றுதான் கன்று போட்டது. மறுநாள் வந்தபோது பெரிய பறவைகள் எல்லாம் மற்றவர்களுக்குப் போய்விட்டன. பவளக்காலி மிஞ்சி இருந்தது.

கறுப்பும் வெள்ளையுமான சின்ன உடம்பு. ஊசி போன்ற அலகு. உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத, நீண்ட சிவந்த கால்கள். யாரோ அவசரத்தில் வேறு பறவையின் கால்களைப் பூட்டிவிட்டது போல இருக்கும்.

பூநாரையை எண்ணுவது சுலபம். அது ஓரிடத்தில் நிற்கும். எண்ணிவிட்டுக் கனிசியஸ் வீட்டுக்குப் போய்விடுவான். பவளக்காலி நில்லாது. நடந்துகொண்டே இருக்கும். அதனால் அருந்ததி இரண்டு கிழமையாகத் தினமும் மாலையில் அப்பாவின் மாடுகளோடு கரையில் நின்று அதையே பார்த்தாள். எண்ணிக்கை பிழைக்கும். மறுபடியும் எண்ணுவாள். எண்ண எண்ண வேறு பல விஷயங்களும் கண்ணில் பட்டன.

அவற்றை யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அன்று காலை பூநாரைகள் கரைக்கு வராமல் தூரத்தில் நின்றன. வெள்ளைக் கோடு போலத் தெரிந்தனவே தவிர எண்ண முடியவில்லை.

"திட்டிக்குப் போய் எண்ணுவம்" என்றார் வாத்தியார்.

திட்டி என்பது பரவைக்கடலுக்குள் இருந்த ஒரு மணல் மேடு. பள்ளிக்கூட முற்றம் அளவு இருக்கும். மேலே நாலு கண்டல் மரங்கள். கரையிலிருந்து கால் மைல். போகும் வழிக்கு ஊரவர்கள் கம்புகளை நட்டு, ஒவ்வொரு கம்பின் தலையிலும் ஒரு துண்டுப் பனையோலை கட்டியிருந்தார்கள். ஓலை கட்டிய கம்பைப் பார்த்து நடந்தால் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் வராது.

ஐந்து பிள்ளைகள் போனார்கள். ஐந்தாவது ஸ்ரெல்லா. கனிசியஸின் தங்கை. ஆறு வயது. அவளுக்குப் பறவை கொடுக்கவில்லை, ஏனென்றால் இருபதுக்கு அப்பால் அவள் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கிவிடுவாள்.

வாத்தியார் கோட்டு அணிந்து, சப்பாத்தைக் கழற்றி ஒரு கையில் பிடித்து, மறு கையில் குடை விரித்து நடந்தார். அவர் உடுப்பிட்டியிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான். சேறு அவருக்குப் புதிது. ஒவ்வொரு அடிக்கும் "ம்ம்" என்றார்.

பிள்ளைகள் பறவைகளைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். வழி எந்தப் பக்கம் வளைகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

திட்டியில் இருந்து எண்ணினார்கள். பூநாரை நூற்றுப் பன்னிரண்டு. கூழைக்கடா ஒன்பது. தாரா எத்தனை என்று மார்க்கண்டுவுக்குத் தெரியவில்லை. அவன் மூடுபெட்டியைத் திறந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"எண்ணிப்போட்டுத் தின்னன்ரா" என்றாள் மகாதேவி.

"தாரா பறக்காது. புட்டு ஆறிப்போகும்."

அப்போதுதான் மழை வந்தது.

தூரத்தில் சாம்பல் நிறத்தில் நின்ற மழை ஒரே ஓட்டத்தில் திட்டிக்கு வந்து சேர்ந்தது. காற்று கண்டல் மரங்களைப் பிடித்து உலுக்கியது. எல்லோரும் வாத்தியாருடைய குடைக்குள் தலையை நுழைத்தார்கள். ஆறு தலைக்கு ஒரு குடை. மார்க்கண்டுவின் மூடுபெட்டியும் இடம் கேட்டது.

முக்கால் மணி நேரம் பெய்தது. பிறகு தூறலாகக் குறைந்தது. குடையிலிருந்து வெளியே வந்தவர்கள் திட்டியைப் பார்த்தார்கள். பள்ளிக்கூட முற்றம் அளவு இருந்த திட்டி இப்போது இரண்டு பாய் அளவு இருந்தது.

"தண்ணி ஏறுது" என்றான் கனிசியஸ்.

"மேட்டு நிலத்து வெள்ளமெல்லாம் இஞ்சைதான் வரும்" என்றாள் அருந்ததி. "இன்னும் ஏறும்."

மகாதேவி கரையைப் பார்த்துக் கூப்பிட்டாள். காற்று அவளுடைய குரலை எதிர்ப்பக்கம் கொண்டுபோனது. ஊர்த் தோணிகள் எல்லாம் அலைக்கடல் பக்கம். இந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

"ஒண்டுக்கும் பயப்பட வேண்டாம்" என்றார் வாத்தியார். "வந்த வழியாலை போவம். ஓலை கட்டின கம்பைப் பாருங்கோ."

பார்த்தார்கள். ஓலை ஒன்றும் இல்லை. காற்று கொண்டுபோய்விட்டது.

கம்புகள் இருந்தன. ஆனால் இரண்டு வரிசை இருந்தன. ஒன்று ஊரவர்கள் வழிக்கு நட்டது. மற்றது மீன்காரர் மீனுக்கு வேலி அடைக்க நட்டது. மீன்வேலி ஆழமான ஓடைக்குள் போய் முடியும், ஏனென்றால் மீன் அங்கேதான் ஓடும். ஓலை இருந்தால் எது எது என்று ஸ்ரெல்லாவும் சொல்லுவாள். ஓலை இல்லாமல் இரண்டும் ஒரே கம்புதான்.

இடப்பக்க வரிசை பள்ளிக்கூடத்துக் கூரையை நோக்கி நேராகப் போனது. வலப்பக்க வரிசை கரையை விட்டு விலகிப் போவது போல இருந்தது.

"இடப்பக்கம்தான்" என்றார் வாத்தியார். "பாருங்கோ, பள்ளிக்கூடம் நேரை தெரியுது."

"ஓம் வாத்தியார்" என்றான் கனிசியஸ். அவனுடைய அப்பா அலைக்கடலில் தொழில் செய்பவர். பரவைக்கடல் அவனுக்கும் பழக்கம் இல்லை. "அங்கை பூநாரையும் நிக்குது. பூநாரை நிண்டா எங்களுக்கும் கால் முட்டும்."

அது நல்ல காரணமாகத்தான் பட்டது. இடப்பக்க வரிசை அருகே இருபது பூநாரைகள் இருந்தன. வாத்தியார் ஒரு காலைத் தண்ணீருக்குள் வைத்தார்.

"வாத்தியார், நில்லுங்கோ" என்றாள் அருந்ததி. "அதுகள் நிக்கேல்லை."

"எதுகள்?"

"பூநாரை. அதுகள் நீந்துதுகள்."

"பூநாரை நீந்துமோ?" கனிசியஸுக்குக் கோபம் வந்தது. "பூநாரை என்ரை பறவை. எனக்குத் தெரியாததோ? இரண்டு கிழமையா எண்ணுறன்."

"நீ எண்ணினனி. பாத்தனியோ?"

கனிசியஸ் பூநாரைகளின் பக்கம் திரும்பினான்.

"நிக்கிற பூநாரைக்குக் கால் தெரியும்" என்றாள் அருந்ததி. "உதுகளுக்குத் தெரியேல்லை. வயிறு தண்ணியிலை கிடக்குது."

"குனிஞ்சு மேயுதுகளாக்கும்."

"சரி. உந்த வளைஞ்ச கம்பைப் பார். அதுக்கு இஞ்சாலை மூண்டு பூநாரை. காத்து வரட்டும்."

எல்லோரும் வளைந்த கம்பைப் பார்த்தார்கள். காற்று வந்தது. மூன்று பூநாரைகளும் கழுத்தைக்கூடத் திருப்பாமல், அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து கம்பைத் தாண்டி அந்தப் பக்கம் போயின. காற்றில் தள்ளுண்டு போகும் கடதாசித் தோணிகள் போல.

"நிக்கிறது காத்துக்கு அசையாது" என்றாள் அருந்ததி.

வாத்தியார் தண்ணீருக்குள் வைத்த காலை மெதுவாக வெளியே எடுத்தார்.

"பூநாரைக்கே கால் முட்டேல்லை எண்டா..." என்று தொடங்கிய கனிசியஸ், தங்கையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். "அப்ப எந்தப் பக்கம்?"

அருந்ததி வலப்பக்கம் கையை நீட்டினாள். விலகிப்போகும் கம்பு வரிசையை ஒட்டி, தூறலுக்குள், சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் நடந்துகொண்டிருந்தன.

"என்ரை பறவையள் நிக்கிற பக்கம்."

"கரையை விட்டு அங்காலை போகுதே, பிள்ளை" என்றார் வாத்தியார்.

"போய்ப் பேந்து வளையும். பவளக்காலி நிக்கிற வரிசை வளையுது, பாருங்கோ. அதுக்குக் கால் ஒரு சாண். எங்கடை கண்டுக்குட்டிக்குப் பக்கத்திலை நிண்டது. அதின்ரை வயிறு கண்டுக்குட்டியின்ரை முழங்காலுக்குக் கீழை. வயிறு நனையிற தண்ணிக்குள்ளை அது இறங்காது. நீந்தி நான் ஒருநாளும் காணேல்லை."

வாத்தியார் தன் முழங்காலைப் பார்த்தார். பிறகு ஸ்ரெல்லாவின் கால்களைப் பார்த்தார். பிறகு இரண்டு பாய் அளவு இருந்த திட்டியைப் பார்த்தார். அது இப்போது ஒன்றரைப் பாய்.

"சரி. நீ முன்னுக்கு நட" என்றார்.

"ஒரு விஷயம், வாத்தியார். ஆக்கள் வந்தா அதுகள் பறந்துபோம். பறந்தா எங்களுக்கு வழி தெரியாது. மாடு வந்தா பறக்காது. ஆனபடியால் நாங்கள் மாடு மாதிரிப் போகவேணும். ஒருத்தருக்குப் பின்னாலை ஒருத்தர். குனிஞ்சு, ஆறுதலா, கதையாமல்."

"மாடு மாதிரிக் கத்தவும் வேணுமோ?" என்று மார்க்கண்டு கேட்டான்.

"வேண்டாம். நீ கத்தினா மாடே ஓடும்."

அவள் வாத்தியாரின் பக்கம் திரும்பினாள். இதைச் சொல்லத்தான் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"குடையையும் மடக்கவேணும், வாத்தியார். மாடு குடை பிடிக்கிறேல்லை."

வாத்தியார் வானத்தைப் பார்த்தார். மழை மறுபடியும் தடித்துக்கொண்டிருந்தது. அவர் பதிவுப் புத்தகத்தை எடுத்து மார்க்கண்டுவின் காலி மூடுபெட்டிக்குள் வைத்து மூடினார். குடையை மடக்கினார். சப்பாத்துகளைக் கழுத்தில் தொங்கவிட்டார். பிறகு, உடுப்பிட்டியில் யாரும் நம்பமாட்டாத விதமாக, முதுகை வளைத்துக் குனிந்தார்.

நடந்தார்கள்.

முன்னால் அருந்ததி. அடுத்து மகாதேவி. அடுத்து ஸ்ரெல்லாவை முதுகில் சுமந்த கனிசியஸ். பிறகு தலையில் மூடுபெட்டியோடு மார்க்கண்டு. கடைசியில் வாத்தியார்.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. அதற்கு மேல் ஒரு விரல் ஏறியது. அங்கேயே நின்றது. கால்களுக்கு அடியில் மணல் கெட்டியாக இருந்தது.

பவளக்காலிகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. ஒன்று இரண்டு அடி விலகியது. பிறகு மேயத் தொடங்கியது. அருந்ததி அதற்கு அப்பால் நிற்பதைப் பார்த்தாள். அதற்கும் அப்பால் நிற்பதைப் பார்த்தாள். ஊசியில் நூல் கோத்தது போல வழி தெரிந்தது.

பாதி வழி வந்தாயிற்று. அப்போது வரிசையின் கடைசியில் ஒரு சத்தம் எழுந்தது.

"அ... அ... அச்சுக்!"

வாத்தியார் தும்மிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. குடை இல்லாமல் மழையில் வந்தவர்.

பவளக்காலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. சிவந்த கால்கள் பின்னால் நீள, கத்திக்கொண்டு மேலே சுழன்றன. முன்னால் ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீர். இங்கே ஓரிரண்டு கம்புகளும் சரிந்து கிடந்தன. எந்தப் பக்கம் ஓடை என்று தெரியவில்லை.

"அருந்ததி" என்று கனிசியஸ் மெல்லக் கூப்பிட்டான். "இனி?"

"இனி நிக்கிறம்."

"நிண்டா?"

"மாடு நிண்டா அதுகள் திரும்பி வரும். நான் கண்டிருக்கிறன். அசையாதையுங்கோ."

நின்றார்கள். மழை முதுகில் விழுந்தது. தண்ணீர் கணுக்காலுக்கு மேல் இரண்டாவது விரலைத் தொட்டது. ஸ்ரெல்லா அண்ணனின் காதுக்குள் எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. இருபது வந்தது. மறுபடியும் ஒன்று. அருந்ததி திரும்பிப் பார்க்கவில்லை. பறவைகளையே பார்த்தாள். அவள் அவற்றை இரண்டு கிழமை பார்த்தவள். அவை தன்னை ஏமாற்றமாட்டா என்று அவளுக்குத் தெரியும்.

ஸ்ரெல்லா மூன்றாவது இருபதில் இருந்தபோது ஒரு பவளக்காலி இறங்கியது.

அது இறங்கிய இடம் அவர்கள் நினைத்த இடம் அல்ல. நன்றாக இடப்பக்கம் தள்ளி. அருந்ததி அசையவில்லை. இன்னொன்று அதற்குப் பக்கத்தில் இறங்கியது. பிறகு ஐந்து. பிறகு மீதி எல்லாம். அவை கரையை நோக்கி வளைந்த ஒரு வரிசையாக நின்றன.

"வளையுது" என்று மகாதேவி மூச்சு விட்டாள்.

"ஓம்" என்றாள் அருந்ததி. "வாங்கோ."

கரையில் கனிசியஸின் அம்மா செபஸ்தியம்மா நின்றுகொண்டிருந்தாள். மழை தொடங்கியதும் பிள்ளைகளைத் தேடி வந்தவள். கரையேறிய வரிசையை அவள் கடைசிவரை வாய் திறந்தபடி பார்த்தாள்.

"என்ன வாத்தியார், எல்லாரும் மாடு மாதிரி வாறியள்?"

வாத்தியார் முதுகை நிமிர்த்தினார். அது கொஞ்ச நேரம் எடுத்தது.

"மாடாய் வந்தபடியால் வந்து சேர்ந்தம்" என்றார். "அந்தப் பக்கத்துக் கம்பு எங்கை போகுது?"

செபஸ்தியம்மா அவர் காட்டிய, பள்ளிக்கூடத்துக்கு நேரான வரிசையைப் பார்த்தாள்.

"அதோ? அது மீன்வேலி எல்லோ. ஓடைக்குள்ளை போகுது. ரெண்டு ஆள் ஆழம். ஏன் கேக்கிறியள்?"

வாத்தியார் மறுபடியும் தும்மினார். இந்த முறை ஒன்றும் பறக்கவில்லை.

கனிசியஸ் தங்கையைக் கீழே இறக்கிவிட்டு அருந்ததிக்குப் பக்கத்தில் வந்தான்.

"நாளைக்குப் பின்னேரம் மாட்டோடை வருவியோ?"

"ஓம். ஏன்?"

"நானும் வாறன். என்ரை பறவையை நான் இன்னும் பாக்கேல்லை."

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சாக்கைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். செபஸ்தியம்மா கொண்டுவந்து கொடுத்த கொத்தமல்லித் தண்ணீர் சூடாக இருந்தது. மார்க்கண்டு மூடுபெட்டியைத் திறந்தான். பதிவுப் புத்தகத்தில் ஒரு துளி ஈரமும் இல்லை. புட்டு மணம் மட்டும் இருந்தது.

"கச்சேரித் துரைக்குப் பசிக்கும்" என்றான் அவன்.

வாத்தியார் புத்தகத்தை விரித்தார். பக்கத்தில் மூன்று வரிகள் அச்சடிக்கப்பட்டிருந்தன. அவர் அடிமட்டத்தை எடுத்தார். மூன்று வரிக்கும் மேலே, நேராக, நிதானமாக, நான்காவதாக ஒரு கோடு கீறினார். பேனாவை மையில் தோய்த்து அந்தக் கோட்டின் மேல் எழுதினார்.

பவளக்காலி.

மை காயும்வரை ஊதினார். பிறகு பேனாவை மறுபடியும் தோய்த்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சொல்லு அருந்ததி. எத்தினை எண்டு எழுதட்டும்?"

அருந்ததி எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். அவள் முகம் மெதுவாக மாறியது. போகும்போது வழியைப் பார்க்கவில்லை. வரும்போது வழியை மட்டும்தான் பார்த்தாள். எண்ணவே இல்லை.

அவள் யன்னலால் வெளியே பார்த்தாள். மழை விட்டிருந்தது. தூரத்தில் வெள்ளைப் புள்ளிகள் இன்னும் நடந்துகொண்டிருந்தன.

"ஒருக்காத் திரும்பிப் போய் எண்ணிக்கொண்டு வரட்டோ, வாத்தியார்?"